கல்யாண ஆர்டர் இல்லாமலும் கேமராவை வைத்துப் பிழைக்கலாம்

தூத்துக்குடியில் போட்டோகிராபர் என்று சொன்னால் அடுத்த கேள்வி "எந்த ஸ்டுடியோ?" என்பதுதான். ஸ்டுடியோ இல்லை என்றால் "அப்ப கேண்டிட் கல்யாண போட்டோவா?" என்பார்கள். அதுவும் இல்லை, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்கிறேன், தொண்டு நிறுவனங்களுக்கும் கைத்தறிக் கடைகளுக்கும் எடுத்துக் கொடுக்கிறேன் என்றால், "சரி, கல்யாணம் ஆயிடுச்சா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஆறு வருடம் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று ஓடினேன். கடந்த எட்டு வருடமாகத் தனியாக இந்த டாகுமெண்டரி, லைஃப்ஸ்டைல் புகைப்பட வேலையைச் செய்கிறேன். புதிதாக வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் கேமராவைப் பற்றித்தான். நான் பார்த்தவரை யாரும் கேமராவால் தோற்கவில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் படம் எடுக்க ஓர் இடம் இல்லாததால் தோற்றவர்கள் உண்டு. எழுத்தில் எதுவும் இல்லாமல் வேலைக்கு ஒப்புக்கொண்டு நொந்துபோனவர்கள் அதைவிட அதிகம். அதனால் இந்த இரண்டையும் நிதானமாகச் சொல்கிறேன். மற்றதை வேகமாகக் கடந்துவிடலாம்.

டாகுமெண்டரி எது, லைஃப்ஸ்டைல் எது

டாகுமெண்டரியில் நடப்பதை நடந்தபடி எடுக்கிறோம். "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொன்ன நொடியில் அது வேறு வேலையாகிவிடுகிறது. லைஃப்ஸ்டைலில் அப்படிச் சொல்லலாம். ஆட்களும் வீடும் சாப்பாடும் நிஜமாக இருக்கும், ஆனால் நேரத்தையும் இடத்தையும் வெளிச்சத்தையும் நாம் ஒழுங்குபடுத்துவோம். செட்டிநாட்டில் பழைய வீடொன்றை விடுதியாக மாற்றியவர்களுக்கு எடுக்கிறோம் என்றால், காலைப் பலகாரத்தை முற்றத்து ஓரத்துக்கு நகர்த்தி வைப்பது தப்பே இல்லை. (நடு முற்றத்தில் வைக்காதீர்கள். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுந்து கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும். தூணை ஒட்டி உட்காரவைத்தால் பக்கவாட்டில் மெதுவாக விழும்.)

இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம், நானே செய்கிறேன். ஒன்றை இன்னொன்று என்று சொல்லி விற்கத்தான் கூடாது. 2015இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் பெல்ஜியத்தின் ஷார்லருவா நகரைப் பற்றிய ஒரு படத்தொகுப்புக்கு முதல் பரிசு கிடைத்தது. அதிலிருந்த ஒரு படம் அந்த நகரத்தில் எடுக்கப்பட்டதே அல்ல, பிரஸ்ஸல்ஸ் பக்கம் எடுக்கப்பட்டது என்று தெரியவந்ததும் பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். படத்தில் ஒட்டு வேலை எதுவும் இல்லை. படத்துக்குக் கீழே எழுதிய ஊர்ப்பெயர் தப்பு, அவ்வளவுதான்.

ஸ்டுடியோ வேலையை உடனே விட வேண்டாம்

கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் வேலையை விட்டால், ஏழாவது வாரம் எந்த ரேட்டுக்கும் தலையாட்ட வேண்டிவரும். கல்யாண வேலையில் இரண்டாவது கேமராவாகப் போய்க்கொண்டே ஆரம்பியுங்கள். நம் நாட்காட்டியே நமக்கு இரண்டு மாதம் ஒதுக்கி வைத்திருக்கிறது, ஆடியும் மார்கழியும். முகூர்த்தம் இல்லாத அந்த இரண்டு மாதமும் ஸ்டுடியோக்காரர் கூப்பிட மாட்டார். என் முதல் தொடரில் பாதிக்கு மேல் ஆடி மாதங்களில் எடுத்ததுதான்.

கேமரா பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மெமரி கார்டு போடும் வசதி உள்ள ஒரு பாடி, ஒரு 35 மி.மீ. லென்ஸ், ஒரு 85 மி.மீ. லென்ஸ். இது போதும். நிக்கான் டி750, சோனி ஏ7 III இரண்டிலுமே இரண்டு கார்டு போடலாம், இரண்டும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்ற கணக்கு) எவ்வளவு என்று பாருங்கள். டி750இன் ஷட்டரை 1,50,000 தடவைக்குச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. கல்யாணத்துக்கு ஓடிய கேமரா என்றால் இரண்டு மூன்று சீசனிலேயே அந்தக் கணக்கை நெருங்கியிருக்கும். புதுக் கேமராவுக்கு இ.எம்.ஐ. போடுவதை மட்டும் முதல் வருடம் தவிர்த்துவிடுங்கள். மாதாமாதம் கட்ட வேண்டிய தவணை இருந்தால், பிடிக்காத வேலையை மறுக்கிற தைரியம் வராது.

பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போகிற இடம்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காசி, ஹோலி, ஒட்டகச் சந்தை என்று கிளம்பாதீர்கள். அங்கே உங்களுக்கு முன்னால் பத்தாயிரம் பேர் போய் வந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகிற ஓர் இடத்தை, ஒரு தொழிலை, ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு தடவை என்று ஒரு வருடம் போங்கள். பக்கத்தில் இருந்தால்தான் மழைக்கும் போவீர்கள், காய்ச்சலுக்கு அடுத்த நாளும் போவீர்கள்.

எனக்கு அது உப்பளம். உப்பளம் பார்க்க அழகாக இருப்பதே அதில் உள்ள ஆபத்து. வெள்ளைத் தரை, நீல வானம், தலையில் கூடையோடு ஒரு பெண். வெளியூரிலிருந்து விடியற்காலை வந்து இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குப் பரோட்டாக் கடைக்குப் போய்விடுகிறவர்கள் நிறைய. நானும் முதல் மூன்று தடவை அதையேதான் எடுத்தேன். நான்காவது தடவை ஓர் அக்கா கேட்டார், "தம்பி, தெனமும் வந்து எங்க முதுகையே எடுக்கீகளே, முகத்த எப்பதான் எடுப்பீக?" வீட்டுக்கு வந்து பார்த்தால் நிஜமாகவே ஒரு முகம்கூட இல்லை. எல்லாம் நிழலுருவம்.

அதற்குப் பிறகு கேமராவைப் பையில் வைத்துவிட்டு டீ நேரத்தில் உட்கார ஆரம்பித்தேன். கடல் நீரோ கிணற்று நீரோ பாத்தி பாத்தியாக மாறி மாறி எப்படி உப்பாகிறது, பலகையால் வாரும்போது அடிமண் கலக்காமல் எப்படி வார வேண்டும், ரப்பர் பூட்ஸ் போட்டும் கால் ஏன் வெடிக்கிறது, வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் எப்படிக் கூசுகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பிறகுதான் எதை எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. தை பிறந்து தொடங்குகிற வேலை, ஐப்பசி மழையோடு நின்றுவிடும். கார்த்திகையில் பாத்தியெல்லாம் தண்ணீர். அப்போது ஒரு போட்டோகிராபரும் அந்தப் பக்கம் வருவதில்லை, எடுக்க ஒன்றுமில்லை என்று நினைப்பார்கள். வேலை இல்லாத வீட்டில் அடகுச் சீட்டு எங்கே இருக்கிறது, கடைக்காரர் கணக்கு நோட்டில் எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்பதெல்லாம் அந்த மாதத்தில்தான் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. உப்பு அம்பாரங்கள் கரைந்து போயின. வெளியூரிலிருந்து வந்தவர்கள் வெள்ளத்தை எடுத்தார்கள், என்னைவிட நன்றாகவே எடுத்தார்கள். என்னிடம் இருந்தது வேறு. அதே வரப்பில், அதே அம்பாரத்துக்கு முன்னால், அதே ஆட்கள் நிற்கும் முந்தைய வருடத்துப் படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் பெரிய ஊர் ஆட்கள் முதல் தடவையாக எனக்குத் திரும்பப் போன் செய்தார்கள்.

உங்கள் ஊரில் உப்பளம் இருக்காது. தோவாளைப் பூச்சந்தை இருக்கலாம், திருப்பூரில் கட்டிங் டேபிள் இருக்கலாம், ஒரு டவுன் பஸ் டிப்போ இருக்கலாம். திருவிழாதான் வேண்டும் என்றால் குலசேகரன்பட்டினம் தசராவை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சூரசம்ஹார ராத்திரி கடற்கரைக் கூட்டத்தில் முண்டியடிக்காதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே போய் வேஷத்துக்கு விரதம் இருக்கிற ஒரு வீட்டைப் பிடியுங்கள். பத்து நாள் காளியாக வலம் வருகிறவர் பதினோராவது நாள் காலையில் ஆட்டோ ஓட்டக் கிளம்புவார். அந்தப் படத்துக்கு அங்கே போட்டியே இல்லை.

தொழில்நுட்பக் குறிப்பு இரண்டு. உப்பு, வெள்ளை வேட்டி, மணல் போன்ற பளிச்சென்ற இடங்களில் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாறும். எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், உப்பு அழுக்காகத் தெரியும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி, ஹிஸ்டோகிராமை (படத்தில் வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்த்துக்கொள்ளுங்கள். முகம் கறுத்துப் போவதற்கும் இதுதான் காரணம், ஆளின் நிறம் அல்ல. அப்புறம், உப்புக் காற்றில் போய்வந்த அன்றே லேசாக ஈரத்துணியால் பாடியைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு லென்ஸின் மவுண்ட் எனக்குப் பச்சை பிடித்துப் போனது.

கேட்டு எடுப்பது, கொடுத்துவிட்டு வருவது

ஓர் இடத்துக்கு இரண்டாவது தடவை போகும்போது கையில் முதல் தடவைப் படங்களின் பிரிண்ட் இருக்கட்டும். மேக்ஸி சைஸ் பிரிண்ட் ஒன்று டீ, வடை விலைதான். வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் பிரிண்ட் கொடுப்பதும் ஒன்றல்ல. பிரிண்ட் வீட்டுச் சுவரில் ஏறும், சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகிவைப்பார்கள். அடுத்த தடவை அந்த வீட்டில் உங்களை யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள்.

சம்மதத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டாகுமெண்டரிக்கு, இது எங்கே வரும், யார் பார்ப்பார்கள் என்பதைப் புரியும்படி சொல்லி வாய்வார்த்தையாகக் கேட்டாலும் போதும். போனில் அரை நிமிட வீடியோவாக அதைப் பதிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம். விளம்பரத்துக்கோ கம்பெனி வேலைக்கோ என்றால் எழுத்தில் கையெழுத்து வேண்டும், அந்தப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத இங்கிலீஷ் படிவத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அதைச் சம்மதம் என்று சொல்வது அசிங்கம். "வேண்டாம், அழிச்சிடுங்க" என்று அப்புறம் சொன்னாலும் அழித்துவிடுங்கள். ஒரு நல்ல படம் போய்விட்டதே என்று இரண்டு நாள் வலிக்கும், அவ்வளவுதான்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டமே கறாராக இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, காப்பகத்தில் பாதுகாப்பு தேவைப்பட்டு இருக்கும் குழந்தை, வழக்கில் சிக்கிய சிறார், குற்றத்துக்கு ஆளான குழந்தை ஆகியோரை அடையாளம் காட்டும் படம், பெயர், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ சட்டத்திலும் இதே போன்ற தடை உண்டு. தொண்டு நிறுவன வேலைக்குப் போனால் இல்லத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி "ஒரு குரூப் போட்டோ" என்று கேட்பார்கள். கையை எடுங்கள், முதுகை எடுங்கள், வரைகிற நோட்டை எடுங்கள். முகம் முடியாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இருபது படம்

ஒரு வருடத்தில் சில ஆயிரம் படங்கள் சேர்ந்திருக்கும். அதிலிருந்து 60 படத்தைச் சின்ன பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொன்றும் தனித்தனியாக அழகாகத் தெரியும். தரையில்தான் ஒன்றையே ஐந்து தடவை எடுத்திருக்கிறோம் என்பது தெரியும். போட்டோகிராபர் அல்லாத ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எந்தப் படத்தைக் கையில் எடுக்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்று பேசாமல் பாருங்கள். 20ஆகக் குறையுங்கள். எடுக்கக் கஷ்டப்பட்ட படம் என்பதற்காக எதையும் வைக்காதீர்கள், பார்க்கிறவருக்கு உங்கள் கஷ்டம் தெரியாது.

ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதுங்கள். "உப்பள வேலையில் பெண் தொழிலாளி" என்பது குறிப்பு அல்ல. பெயர் (அவர் சம்மதித்தால்), வயது, ஊர், தேதி, என்ன செய்துகொண்டிருக்கிறார், படத்தில் தெரியாத ஒரு விஷயம். அதை அன்றைக்கு ராத்திரியே எழுதி, படக் கோப்புக்குள்ளேயே மெட்டாடேட்டாவில் சேர்த்துவிடுங்கள். படம் திருத்தும் லைட்ரூம் சாஃப்ட்வேரில் அதற்கென்று இடம் இருக்கிறது. நமக்கு ஊர்ப் பேச்சு தெரியும், அந்தத் தொழிலின் சொற்கள் தெரியும். டெல்லியிலிருந்து வருகிற எவ்வளவு பெரிய போட்டோகிராபருக்கும் இல்லாத சொத்து அது. அதைக் குறிப்பில் காட்டாமல் வேறு எங்கே காட்டுவது?

லைஃப்ஸ்டைலுக்குத் தனியாக ஒரு 20 படம் வேண்டும். வேலை வரும்வரை காத்திருக்காமல், தெரிந்த ஒரு மெஸ், ஒரு புடவைக் கடை, ஒரு சித்த வைத்தியசாலை என்று மூன்று இடத்தில் இலவசமாக எடுத்துக் கொடுங்கள். மூன்றுதான். நான்காவது ஆள் "அவருக்கு ஃப்ரீயாத்தானே குடுத்தீங்க" என்று வருவார். அவரிடம் முதல் ரேட்டைச் சொல்லுங்கள்.

வேலை எங்கிருந்து வருகிறது

பத்திரிகையிலிருந்து வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வரும், ஆனால் அதை நம்பி வாடகை கொடுக்க முடியாது. எனக்குச் சோறு போடுவது தொண்டு நிறுவன வேலைகளும் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூக நலச் செலவு) வேலைகளும்தான். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும். லாபம் அவ்வளவு இல்லாவிட்டாலும், சொத்து மதிப்போ விற்றுமுதலோ குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இந்த விதி பொருந்தும். செலவிட்டதை அறிக்கையில் காட்ட வேண்டும், அறிக்கைக்குப் படம் வேண்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதால் ஜனவரி பிறந்ததுமே அவசரம் தொடங்கிவிடும். ஆகவே நவம்பரிலேயே அவர்களுக்கு எழுதுங்கள். பிப்ரவரியில் எழுதினால் வேறு யாரையாவது பிடித்திருப்பார்கள்.

எழுதுவது என்றால் "நான் ஆர்வமுள்ள இளம் கலைஞன்" என்று இரண்டு பக்கம் வேண்டாம். நான்கு வரி போதும். அவர்கள் எந்த ஊரில் என்ன திட்டம் நடத்துகிறார்கள் என்று பார்த்து, அதோடு தொடர்புள்ள உங்கள் மூன்று படம், ஒரு நாள் ரேட், ஒரு போன் நம்பர். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒருவர் பதில் போடுவார். பத்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். நான் தொந்தரவாகிவிடும் என்று கூச்சப்பட்டு இரண்டு வருடம் நினைவுபடுத்தாமலே இருந்தேன். மெயிலைப் படித்துவிட்டு மறந்துபோவதுதான் மனித இயல்பு என்று அப்புறம் புரிந்தது.

ரேட்டும் காகிதமும்

எல்லோரும் "மார்க்கெட் ரேட் என்ன அண்ணா?" என்று கேட்கிறார்கள். மார்க்கெட்டை விடுங்கள், உங்கள் கணக்கைப் போடுங்கள். கேமரா, லென்ஸ், லேப்டாப் எல்லாம் சேர்த்து 3 லட்சம், நான்கு வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 75,000. வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால் வருடத்துக்கு 3,60,000. ஹார்ட் டிஸ்க், சாஃப்ட்வேர், சர்வீஸ், பஸ், பெட்ரோல், இன்சூரன்ஸ் 65,000. மொத்தம் 5 லட்சம். ஆரம்பத்தில் வருடத்தில் 60 நாள் காசு வருகிற வேலை கிடைத்தாலே பெரிது. 5 லட்சத்தை 60ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு சுமார் 8,300. இதற்குக் கீழே வாங்குகிற ஒவ்வொரு நாளும் உங்கள் வீட்டுக் காசைப் போட்டு அவர்களுக்கு வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம். என் முதல் வேலைக்கு நான் வாங்கியது 3,000, அதில் பஸ் சார்ஜும் அடக்கம். பஸ், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் ரேட்டுக்கு வெளியே தனி வரியாகக் கொட்டேஷனில் இருக்க வேண்டும் என்று சொல்லித்தர அப்போது ஆள் இல்லை.

கொட்டேஷனில் இன்னும் சில விஷயம் இருக்கட்டும். எத்தனை நாள், எத்தனை படம் எடிட் செய்து தருவீர்கள், எந்தத் தேதிக்குள், எத்தனை தடவை திருத்தம், அட்வான்ஸ் எவ்வளவு. நான் பாதி அட்வான்ஸ் வாங்குகிறேன். பழகியவர் என்றாலும் வாங்குகிறேன், பழகியவரிடம்தான் பாக்கி அதிகம் நிற்கும்.

இப்போது காப்புரிமை. நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று. படம் எடுத்தவருக்குத்தான் உரிமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்தால் தூக்கிவாரிப்போடும். ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறுவிதமான ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆக, வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்ட வேலை முடிந்ததும் படம் உங்களுடையது இல்லை. அதைத் தடுக்க ஒரே வரி போதும். "இப்படங்களின் காப்புரிமை புகைப்படக் கலைஞரிடமே இருக்கும், வாடிக்கையாளர் தம் ஆண்டறிக்கை, இணையதளம், சமூக ஊடகம் ஆகியவற்றில் மூன்று ஆண்டுகள் பயன்படுத்தலாம்." இதைக் கொட்டேஷனில் எழுதி, வேலைக்குப் போகும் முன்பே கையெழுத்தோடு திரும்ப வாங்குங்கள். போய்வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

உரிமையை முழுசாக எழுதிக் கேட்கிறவர்களும் உண்டு. எழுதிக் கொடுப்பது என்றால் எத்தனை வருடம், எந்தெந்த நாடு என்று அதில் இருக்க வேண்டும். 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும் இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் மற்றப் படைப்புகளைப் போலவே எடுத்தவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 வருடமும் உரிமை இருக்கிறது. உங்கள் பேரன் பேத்தி காலம்வரை நிற்கிற ஒன்றை 3,000 ரூபாய் நாள் கூலிக்கு விட்டுக்கொடுக்கிறோமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் தாமதமாவது இந்தத் தொழிலின் தீராத வியாதி. ஒரு நிறுவனம் எனக்குப் பதினொரு மாதம் கழித்துக் கொடுத்தது, அதுவும் தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்கிற மாதிரி போன் செய்து கேட்ட பிறகு. உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதார், பான் போதும், காசு கிடையாது. (பதிவுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற போலித் தளங்கள் உண்டு, அரசுத் தளமா என்று பார்த்து நுழையுங்கள்.) பதிவு இருந்தால் 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி ஏறும். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை கம்பெனி தன் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. உத்யம் எண்ணை இன்வாய்ஸின் தலையிலேயே போட்டுவையுங்கள். என் அனுபவத்தில், மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவே கூப்பிட்டுப் பணம் போடுகிறது.

கம்பெனிகள் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். அது போன காசு அல்ல, வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் போட்டால் உங்கள் வரியில் கழியும் அல்லது திரும்ப வரும். இரண்டு வருடம் ரிட்டர்ன் போடாமல் அதை அப்படியே விட்டவன் நான். ஜி.எஸ்.டி. ஆரம்பத்தில் கவலை இல்லை, சேவைத் தொழிலுக்கு நம் மாநிலத்தில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம்.

ஒரு கார்டு கதை

செட்டிநாட்டு விடுதி ஒன்றில் ஒரு நாள் முழுக்க எடுத்துவிட்டு, அசதியில் கார்டை மாற்றிப் போட்டு ஃபார்மட் கொடுத்துவிட்டேன். ஆத்தங்குடித் தரையில் கோலம் போட்ட ஆச்சி, சமையல்கட்டுப் புகை, எல்லாம் போயிற்று. இரண்டாவது ஸ்லாட்டில் கார்டு போட்டிருந்தேன், ஆனால் பேக்கப்புக்கு அல்ல, முதல் கார்டு நிறைந்ததும் வழிந்து போவதற்கு என்று செட்டிங்கை வைத்திருந்தேன். ரெக்கவரி சாஃப்ட்வேரில் பாதி திரும்பக் கிடைத்தது. மீதிக்கு என் செலவில் மறுபடி போனேன். ஆச்சி அதே புடவையைத் தேடிக் கட்டிக்கொண்டு வந்தார், அவருக்குக் கோயில் கட்டலாம்.

இன்றைக்கே உங்கள் கேமராவில் அந்த செட்டிங்கைப் பாருங்கள். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல், மூன்றாவது நகல் வேறு வீட்டிலோ க்ளவுடிலோ. 2023 வெள்ளத்தில் தரைத்தள வீட்டில் லேப்டாப்பும் டிஸ்க்கும் ஒரே மேஜையில் வைத்திருந்த நண்பர் ஒருவருக்கு இரண்டுமே போயின. என் மூன்றாவது டிஸ்க் அக்கா வீட்டு மாடியில் பீரோவுக்குள் இருக்கிறது.

உதவித்தொகை, காட்சி, வழி காட்டுகிறவர்கள்

ஒரு வருடத் தொடர் கையில் இருந்தால் இந்தக் கதவுகளைத் தட்டலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி இணையதளம், கிராமப்புற மக்களின் வாழ்வைப் படமும் எழுத்துமாக வெளியிடுகிறது, தமிழிலும் வருகிறது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த எம். பழனிகுமார் அங்கே முழுநேரப் புகைப்படக் கலைஞர். துப்புரவுத் தொழிலாளர்கள், மீனவப் பெண்கள் என்று நம் ஊர் உழைக்கும் மக்களையே எடுத்து, 2022இல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதை வாங்கினார். அவர் படங்களைப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு படத்திலும் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்று கவனியுங்கள்.

சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்பட விழா 2016இல் தொடங்கியது. அது நடக்கும்போது ரயில் டிக்கெட் எடுத்து இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், போட்டோ சுவரில் எந்த சைஸில் என்ன ஆகிறது என்பது போனில் பார்த்தால் தெரியாது. பெங்களூரிலுள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலைத் திட்டங்களுக்கு நிதி தருகிறது, இந்திய மொழிகளிலேயே விண்ணப்பம் எழுதலாம். வேர்ல்டு பிரஸ் போட்டோவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு படத்துக்கு இத்தனை டாலர் என்று காசு கேட்டு, ஜெயித்தவர்களுக்கு சர்டிபிகேட் மட்டும் அனுப்புகிற போட்டிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அவற்றுக்குக் கட்டும் காசில் மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டு உப்பளத்துக்குக் கொண்டுபோகலாம்.

விண்ணப்பத்தில் எல்லோரும் சொதப்புவது ஒரே இடத்தில்தான். "விளிம்புநிலை மக்களின் வலியைப் பதிவு செய்ய விரும்புகிறேன்" என்று எழுதுகிறார்கள். தேர்வு செய்கிறவர் அன்றைக்கு அதே வரியை நாற்பதாவது தடவை படித்துக்கொண்டிருப்பார். எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை தடவை போயிருக்கிறீர்கள், அங்கே யார் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இன்னும் எதை எடுக்கவில்லை, அதற்கு எத்தனை மாதம், எவ்வளவு காசு தேவை என்று எழுதுங்கள். நான்கு தடவை மறுத்த ஓரிடத்தில் எனக்கு ஐந்தாவது தடவை கிடைத்தது. அந்த விண்ணப்பத்தின் முதல் வரியில் நான் எழுதியிருந்தது, முதுகையே எடுக்கிறாயே என்று ஓர் அக்கா கேட்ட கேள்வியைத்தான்.